எட்டு வார வீடியோப் பயிற்சி உண்மையிலேயே உடம்பைத் தேற்றுமா?

தவறாகப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 38, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகிக் கோத்தகிரிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. உட்கார்ந்தே பார்க்கும் கணக்கு வேலை. விடியற்காலையில் நடக்கக் கிளம்பினால் கரடி, காட்டெருமை பயம். சாயங்காலம் ஆனால் மழையும் மூடுபனியும். பக்கத்தில் ஜிம் கிடையாது. அதனால் பணம் கட்டி ஒரு எட்டு வார வீடியோப் பயிற்சியில் சேர்ந்தீர்கள்: நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 5 நாள். மூன்று வாரத்தில் 600 கிராம்தான் குறைந்திருக்கிறது, வலது முழங்காலில் படி இறங்கும்போது வலி வேறு. “இது நிஜமாகவே பலன் தருமா, இல்லை ஏமாந்துவிட்டேனா?” என்பது உங்கள் கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வீடியோ பார்த்துச் செய்வதால் உடம்புக்குத் திறன் ஏறுமா? ஏறும், ஒரு நிபந்தனையோடு. எடை குறையுமா? நீங்கள் எதிர்பார்க்கும் அளவு குறையாது. உங்கள் முழங்காலுக்கும் இந்த உயரத்துக்கும் இது பொருந்துமா? இப்போது செய்யும் விதத்தில் பொருந்தாது, மாற்றிக்கொண்டால் பொருந்தும்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. தசைக்கும் இதயத்துக்கும் தெரிந்ததெல்லாம் அவற்றின் மேல் விழும் வேலை மட்டும்தான். அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் எதிரே நிற்கிறாரா, போன் திரைக்குள் நிற்கிறாரா என்பது அவற்றுக்குத் தெரியாது. பழக்கமில்லாத ஒருவர் ஒழுங்காகத் தொடங்கினால், முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதே வேலைக்கு நாடித்துடிப்பு சற்றுக் குறைகிறது. முதல் நான்கைந்து வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பகுதி, இருக்கும் தசையை நரம்புகள் இன்னும் நன்றாக வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திரள 8 முதல் 12 வாரம் பிடிக்கும். ஆகவே மூன்றாவது வாரத்தில் கண்ணாடி முன் நின்று ஒன்றும் மாறவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுப்பயிற்சி வேண்டும். உங்கள் 5 நாள், 30 நிமிடக் கணக்கு 150-ஐத் தொடுகிறது. பயிற்சியின் அடிப்படை அமைப்பு சரியாகவே இருக்கிறது.

நிபந்தனை என்னவென்றால், வேலை வாரா வாரம் கொஞ்சம் ஏற வேண்டும். பெரும்பாலான வீடியோப் பயிற்சிகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. முதல் வாரத்தில் மூச்சிரைக்க வைத்த அதே 30 நிமிடம் ஆறாவது வாரத்தில் சுலபமாகிவிடும். சுலபமானதும் நமக்குச் சந்தோஷம். உடம்பைப் பொறுத்தவரை அதோடு வளர்ச்சி நின்றுவிட்டது. ஜிம்மில் இரும்புத் தட்டை மாட்டி ஏற்றுவதை வீட்டில் கோணத்தை மாற்றி ஏற்றலாம். தண்டாலை எடுத்துக்கொள்ளுங்கள். கையைத் தரையில் ஊன்றி முழுத் தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் சுமார் 64 விழுக்காடு கைமேல் விழுகிறது. உங்களுக்கு அது 43 கிலோவுக்கும் மேல். முழங்காலை ஊன்றிக்கொண்டால் 49 விழுக்காடு. கையை 60 சென்டிமீட்டர் உயரமான ஒன்றின் மேல் வைத்தால் 41, 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 55. இதற்கு மாறாக, கையைத் தரையில் ஊன்றிப் பாதத்தை 30 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் 70. அதாவது சமையல் மேடையில் தொடங்கி, கட்டில் விளிம்பு, வாசல்படி, தரை என்று ஒரே அசைவில் ஒரு ஏணியே இருக்கிறது. 12 தண்டால் வீதம் மூன்று சுற்று, இடுப்பு தொங்காமல், அடுத்தடுத்து இரண்டு நாள் எடுக்க முடிந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். முடியாவிட்டால் அங்கேயே இருங்கள். வீடியோவில் வருபவர் தரையில் எடுக்கிறார் என்பதற்காக நீங்களும் எடுக்க வேண்டியதில்லை. பாரம் லேசாக இருந்தாலும், இன்னும் இரண்டு மூன்று முறைதான் முடியும் என்கிற அளவுக்குத் தசை களைக்கும்வரை செய்தால் தசை வளரும் என்பது இன்று உறுதியாகத் தெரிந்த விஷயம். உச்சபட்ச வலுவுக்குக் கனமான எடைதான் சிறந்தது என்பதும் உறுதி. உங்கள் தேவைக்கு முதலாவது போதும்.

இன்னொரு குறை ஏறக்குறைய எல்லா வீட்டுப் பயிற்சி வீடியோவிலும் உண்டு: தள்ளுகிற வேலை நிறைய, இழுக்கிற வேலை இல்லவே இல்லை. வெறுங்கையோடு தரையில் நின்று எதையும் இழுக்க முடியாது என்பதுதான் காரணம். நாள் முழுக்கக் கணக்கு நோட்டின் மேலும் கம்ப்யூட்டர் முன்னும் குனிந்திருக்கும் ஒருவருக்கு முதுகின் மேற்பகுதிதான் முதலில் வலுவாக வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் மாட்டும் பை ஒன்றில் 5 கிலோ அரிசியைக் கட்டிப் போடுங்கள். இடுப்பில் மடிந்து, முதுகு நேராக, ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, மறு கையால் பையை இடுப்போரம்வரை இழுத்து மெதுவாக இறக்குங்கள். பக்கத்துக்கு 12, மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு நாள். சுலபமானதும் ஒரு கிலோ கூட்டுங்கள்.

மலையில் இருப்பதை இந்தக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் இன்னும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அதே விகிதத்தில் குறைகிறது. அதனால் உடம்பின் உச்சபட்ச உழைப்புத் திறன் இந்த உயரத்தில் 5 முதல் 10 விழுக்காடு வரை தாழும். ஐந்து மாதத்தில் உங்கள் உடம்பு பெருமளவு பழகியிருக்கும், ஆனாலும் சமவெளியில் எடுத்த வீடியோவின் வேகத்தை அப்படியே பிடிக்க முடியாவிட்டால் அது உங்கள் குறை இல்லை. வீடியோவின் ஓட்ட வேகத்தை 0.75-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான ஆப்களில் அந்த வசதி இருக்கிறது. உங்கள் வேகத்தை மூச்சை வைத்து முடிவு செய்யலாம். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையான உழைப்பு. நாடியை எண்ண விரும்பினால், 208-லிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழியுங்கள். உங்களுக்கு உச்சத் துடிப்பு சுமார் 181 வருகிறது. மிதமான உழைப்பு 116 முதல் 138 வரை, கடுமையானது அதற்கு மேல். இந்தச் சூத்திரம் சராசரி மனிதருக்கானது; ஆளுக்கு ஆள் 10 துடிப்புக்கு மேல்கூட விலகும். ஆகவே மூச்சை நம்புங்கள், கைக்கடிகாரத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மலை எடுத்துக்கொள்வதைப் போலவே கொடுக்கவும் செய்கிறது. 68 கிலோ உடம்பை 100 மீட்டர் உயரம் ஏற்ற ஏறத்தாழ 70 கலோரி செலவாகும். கடைவீதிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இறங்கி ஏறுகிற ஒவ்வொருவரும் தினமும் இதில் ஒரு பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஏற்றம் இதயத்துக்கும் தொடைக்கும் பின்பக்கத் தசைக்கும் வேலை கொடுக்கிறது. இறக்கத்தில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது; சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு முதல் சில வாரம் தொடையில் கடுப்பு எடுப்பது அதனால்தான். ஆகவே உங்கள் காலுக்கு ஏற்கெனவே பயிற்சி கிடைக்கிறது. கைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் வயிற்றுக்கும்தான் கிடைப்பதில்லை. உங்கள் வீடியோவோ, நீங்கள் சொன்ன பட்டியலைப் பார்த்தால், பாதிக்கு மேல் குதிப்பதும் பஸ்கி போடுவதும்தான். இருக்கிற இடத்திலேயே மீண்டும் கொட்டுகிறது. உங்கள் முழங்கால் வலியும் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த எட்டு வாரம் முடியுமா பாதியில் நின்றுபோகுமா என்பதை அதுதான் தீர்மானிக்கப் போகிறது. படி இறங்கும்போதும் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் முட்டிச் சில்லின் பின்னாலோ சுற்றியோ வலித்தால், பெரும்பாலும் அது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே பாரம் திடீரென்று கூடியதால் வருவது. படி இறங்கும்போது அந்த இடத்தில் உடல் எடையைப் போலச் சுமார் மூன்று மடங்கு விசை விழுகிறது. ஆழமாகக் குந்தும்போதும் குதித்து இறங்கும்போதும் இன்னும் கூடும். ஐந்து மாதமாக மலை இறக்கம், அதன்மேல் மூன்று வாரமாக நாளுக்கு நூற்றுக்கணக்கான குதிப்பு. எதுவும் கிழிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பழகுவதற்கு அவகாசம் கொடுக்காமல் ஏற்றிவிட்டோம், அவ்வளவுதான். முழு ஓய்வு இதற்கு மருந்தாகாது. ஓய்வில் வலி அடங்கும், தசையும் தளரும், திரும்பத் தொடங்கியதும் வலியும் திரும்பும்.

அடுத்த மூன்று வாரத்துக்கு எல்லாக் குதிப்பையும் எடுத்துவிடுங்கள். ஜம்பிங் ஜாக் வரும்போது குதிக்காமல் ஒரு காலை மாற்றி ஒரு காலைப் பக்கவாட்டில் வையுங்கள், கை மட்டும் முழுதாக மேலே போகட்டும். குதித்துப் போடும் பஸ்கிக்குப் பதில் நாற்காலியில் தொட்டு உட்கார்ந்து எழுங்கள். இறங்க மூன்று எண்ணிக்கை, எழ ஒன்று. காலை முன்னால் வைத்து மடக்கும் லஞ்சுக்குப் பதில் பின்னால் வைத்துப் பாதி ஆழம். குந்திக் கையூன்றிக் காலைப் பின்னால் எறிந்து எழும் பர்பி வந்தால் கையை மேசையில் ஊன்றி, காலைக் குதிக்காமல் நடத்திப் பின்னால் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாருங்கள். இதோடு இரண்டைச் சேருங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைச் செங்கோணம்வரை மடக்காமல் அதற்கு முன்பே நிறுத்தி, 30 முதல் 45 விநாடி நிற்பது, ஒரு நிமிட இடைவெளியில் ஐந்து முறை. பிறகு பக்கவாட்டில் படுத்து மேல்காலை முழங்கால் மடங்காமல் உயர்த்துவது, பக்கத்துக்கு 15 வீதம் இரண்டு சுற்று. இந்த வகை வலிக்கு முழங்காலைச் சுற்றி உள்ள தசையோடு இடுப்புத் தசையையும் சேர்த்து வலுவாக்குவது நல்ல பலன் தருகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. வலிக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: பத்துக்கு மூன்றுவரை வலித்தால் தொடரலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் நேற்று செய்தது அதிகம்; அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். இறக்கத்தில் சின்ன அடியாக வையுங்கள், கனமான பையை ஒரே தோளில் தொங்கவிடாதீர்கள். முழங்கால் வீங்கினாலோ, மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் நழுவினாலோ, ராத்திரி தூக்கத்தில் வலி எழுப்பினாலோ நான் சொன்ன எதுவும் செல்லாது. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தொட்டுப் பார்க்காமல் எழுதும் ஒருவரின் ஊகத்துக்கு எல்லை அவ்வளவுதான்.

குதிப்பை எடுத்துவிட்டால் இதயத்துக்கு வேலை போய்விடுமே என்று கேட்பீர்கள். வீட்டு வாசல்படி ஒன்றே போதும். 17 சென்டிமீட்டர் உயரப் படியில் நிமிடத்துக்கு 24 முறை ஏறி இறங்கினால், சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல் ஐந்து மடங்கு உழைப்பு வருகிறது. ஐந்து நிமிடம் வலது கால் முதலில், ஐந்து நிமிடம் இடது கால் முதலில். பின்னோக்கி இறங்கும்போது குதிகாலை மெதுவாக வையுங்கள். பொத்தென்று விழும் சத்தம் கேட்கக் கூடாது.

இனி எடை. “30 நிமிடத்தில் 500 கலோரி எரியும்” என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அது உங்கள் தொழில். ஒருவர் சும்மா இருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 68 கிலோ உடம்பு அரை மணியில் 500 கலோரி எரிக்க வேண்டுமானால் அதைப் போல் 15 மடங்கு வேகத்தில் உழைக்க வேண்டும். மணிக்கு 14, 15 கிலோமீட்டர் வேகத்தில் 30 நிமிடம் நிற்காமல் ஓடுவதற்குச் சமம் அது. பயிற்சி பெற்ற ஓட்டக்காரரின் வேலை. இடையிடையே ஓய்வும் தொடக்க அசைவுகளும் சேர்ந்த ஒரு சுறுசுறுப்பான வீடியோவுக்குச் சராசரி ஆறு மடங்கு என்று வைத்தால் 204 கலோரி. அந்த அரை மணி சும்மா இருந்தாலும் 34 போயிருக்கும். கூடுதல் செலவு 170. வாரத்துக்கு 850. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால், சாப்பாடு துளியும் மாறாமல் இருந்தால் ஒரு கிலோ குறைய ஒன்பது வாரம் ஆகும். உங்கள் 600 கிராம் இந்தக் கணக்கைவிடக் கூடுதல். அதில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு நீர் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. உப்பு, மாதவிடாய் நாள், தசையில் சேரும் மாவுச்சத்தும் அதோடு ஒட்டும் நீரும் சேர்ந்து ஒரு கிலோவை இப்படியும் அப்படியும் ஆட்டிவிடும். வாரத்தில் ஒரே நாள், காலையில், வெறும் வயிற்றில் நிறுத்துப் பார்த்தால் போதும்.

அதே 170 கலோரியை மறுபக்கம் வைத்துப் பாருங்கள். குளிருக்கு இதமாக நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம் சர்க்கரை, 160 கலோரி. ஒரு நாள் பயிற்சி முழுவதும் அந்த டீ டம்ளருக்குள் போய்விடுகிறது. கூட வர்க்கி சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மைதாவும் கொழுப்பும் சேர்ந்து அடுக்கடுக்காக வருவதுதான் அதன் ருசியே. டீயை விடச் சொல்லவில்லை, மலையில் டீயை விட்டு எப்படி இருப்பது. சர்க்கரையை இரண்டிலிருந்து ஒன்றாகவும், பிறகு அரையாகவும் இறக்குங்கள். புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. உங்களுக்கு 56 கிராம் வரும். ஒரு முட்டையில் 6 கிராம். காய்ந்த அவரை, மொச்சை, துவரை எதுவானாலும் 50 கிராம் போட்டால் 10, 12 கிராம். படுகர் வீடுகளில் அவரையைக் குழம்பாக அடிக்கடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல பழக்கம், பின்பற்றலாம். தராசைவிட இடுப்புச் சுற்றளவை நம்புங்கள். நம் மக்களில் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பது எச்சரிக்கைக் கோடு. எடை அசையாத வாரங்களிலும் இடுப்பு இறங்குவது உண்டு.

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது உண்மை இல்லை. பயிற்சி முடிந்த பிறகும் நாள் முழுக்கக் கலோரி எரிந்துகொண்டே இருக்கும் என்பதில் உண்மை உண்டு, ஆனால் அது பயிற்சியில் செலவானதில் ஒரு சிறு பங்குதான். பல வீடியோக்களுக்கு வைக்கும் “நாலு நிமிட டபாட்டா” என்ற பெயரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஜப்பானில் இசுமி டபாட்டா குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வில், இளம் விளையாட்டு மாணவர்கள் நிலைச் சைக்கிளில், உச்சபட்ச ஆக்சிஜன் திறனைப் (உழைக்கும்போது உடம்பு அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு) போல் 170 விழுக்காடு கடுமையில், 20 விநாடி மிதித்து 10 விநாடி நின்று, ஏழெட்டுச் சுற்றில் மேற்கொண்டு மிதிக்கவே முடியாத நிலைக்குப் போனார்கள். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். பலன் கிடைத்தது நிஜம். இருபது விநாடி கையை ஆட்டிப் பத்து விநாடி நிற்பதற்கு அதே பெயரை வைப்பதால் அதே பலன் வராது. உங்கள் முழங்காலுக்கு இப்போது அந்தக் கடுமை வேண்டவும் வேண்டாம்.

வீட்டையும் குளிரையும் பற்றி. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் காலை ஆறு மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்து நேராகத் தொடங்கிவிடக் கூடாது. வீடியோவில் வரும் மூன்று நிமிட வார்ம்-அப் சமவெளிக்குப் போதும். இங்கே எட்டுப் பத்து நிமிடம் வேண்டும். நின்ற இடத்தில் நடை, தோள் சுழற்சி, இடுப்புச் சுழற்சி, நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுதல். ஸ்வெட்டரோடு தொடங்கி, உடம்பு சூடேறியதும் கழற்றுங்கள். முடிந்ததும் ஈர உடையை உடனே மாற்றுங்கள். சிமெண்ட் தரையில் 6 மில்லிமீட்டர் யோகா மேட் குளிரைத் தடுக்கும், அதிர்ச்சியைத் தாங்காது. பிற்பாடு குதிப்பு சேர்க்கும்போது ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸில் செய்யாதீர்கள். மழைக்காலத்தில் மொட்டைமாடியில் பாசி படிந்திருக்கும், அங்கேயும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: அறையைச் சூடாக்கக் கரிச்சட்டி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்யவே செய்யாதீர்கள். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டும் இடத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கரி கனன்ற அறையில் தூங்கியவர்கள் விடிந்து எழாமல் போனது பலமுறை நடந்திருக்கிறது. பயிற்சியில் மூச்சு பல மடங்கு பெருகுவதால் அந்த வாயுவும் அத்தனை வேகமாக உள்ளே போகும். தலைவலி, மயக்கம், குமட்டல் தெரிந்தால் உடனே வெளியே வாருங்கள்.

வீடியோவால் எந்த நாளும் முடியாத ஒன்று உண்டு: அது உங்களைப் பார்ப்பதில்லை. நேரில் ஒருவர் பார்த்துத் திருத்தும் வலுப்பயிற்சியில், தனியாகச் செய்வதைவிடப் பலன் பொதுவாகக் கூடுதலாக இருக்கிறது. திருத்துவதோடு, இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்ல ஓர் ஆள் இருப்பதும் காரணம். இதைப் பாதியளவு ஈடுகட்டலாம். வாரம் ஒருமுறை போனை ஜன்னல் திண்டில் இடுப்பு உயரத்தில் வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு சுற்றையும் எதிரிலிருந்து ஒரு சுற்றையும் படமெடுத்துப் பாருங்கள். பக்கவாட்டில், குப்புற முன்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க் நிற்கும்போது தோள், இடுப்பு, கணுக்கால் ஒரே கோட்டில் இருக்கிறதா, இடுப்பு தொட்டில் மாதிரி தொங்குகிறதா என்று தெரியும். எதிரில், உட்கார்ந்து எழும்போது முழங்கால் பாதத்தின் நேரே போகிறதா, உள்பக்கம் மடிகிறதா என்று தெரியும். உள்பக்கம் மடிந்தால் அதுவே உங்கள் வலிக்கு ஒரு காரணம். குப்புற இருக்கும் அசைவுகளில் திரையைப் பார்க்கத் தலையைத் தூக்காதீர்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, அப்புறம் குரலை மட்டும் கேட்டுச் செய்யுங்கள்.

ஏமாந்தீர்களா இல்லையா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். இன்றைக்கே நாலு எண்ணைக் குறித்து வையுங்கள். ஒன்று, அதே வாசல்படியில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் ஆப்பை நிமிடத்துக்கு 96 தட்டில் வைத்து, ஏறு ஏறு இறங்கு இறங்கு என்று மூன்று நிமிடம். நின்ற உடனே உட்கார்ந்து ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணுங்கள். இரண்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறீர்கள். மூன்று, சமையல் மேடையில் சுத்தமாக எத்தனை தண்டால். நான்கு, தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு. அதே படி, அதே நாற்காலி, அதே நேரம், டீ குடிப்பதற்கு முன் என்று நிபந்தனை மாறாமல் ஐந்து வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள். நாடி ஐந்தாறு துடிப்பு இறங்கி, எழும் எண்ணிக்கை ஏறியிருந்தால் தராசு என்ன சொன்னாலும் உங்களுக்குப் பலன் கிடைத்திருக்கிறது.

எவ்வளவு ஏறும் என்று மட்டும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஹெரிடேஜ் என்ற பெரிய ஆய்வில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு 20 வாரம் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள். சராசரியாக ஆக்சிஜன் திறன் நன்றாகவே ஏறியது. ஆனால் சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே ஏறவில்லை, சிலருக்குச் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. எனவே வீடியோவில் காட்டும் ‘முன்’, ‘பின்’ படங்கள் உண்மையாகவே இருந்தாலும் அவை நன்றாக ஏறியவர்களின் படங்கள். அடுத்த பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், படத்தை விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பாருங்கள்: வாரத்துக்கு வாரம் வேலை மாறுகிறதா, ஒவ்வொரு அசைவுக்கும் குதிக்காத மாற்று காட்டுகிறார்களா, இழுக்கும் பயிற்சி இருக்கிறதா, எங்கே தப்பு வரும் என்று சொல்கிறார்களா. இவை இருந்தால் இலவசமாகக் கிடைப்பதும் நல்லதே.

ஒன்றிரண்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகையோடு செய்யும் பயிற்சியில் மூச்சு வாங்கும், முன்னேற்றம் தெரியாது, பழி வீடியோ மேல் விழும். மலையில் வாழ்பவருக்கு ஹீமோகுளோபின் கடல்மட்டத்து அளவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். 12-ஐ ஒட்டி இருந்தால் ‘நார்மல்’ என்று விட்டுவிடாமல், எவ்வளவு உயரத்தில் வசிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். தைராய்டும் ரத்தஅழுத்தமும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், கண் இருட்டல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்றைப் பெண்கள் பலர் வெளியே சொல்வதில்லை: குதிக்கும்போது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிவது. அது இடுப்படித் தசையின் தளர்ச்சி, வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை மேலே இழுத்து ஐந்து விநாடி பிடித்து விடுவது, பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மூன்று மாதம் தொடர்ந்தால் பெரும்பாலோருக்குக் குறையும்.

இந்த மூன்று வாரத்துக்கு உங்கள் அட்டவணை இப்படிப் போகட்டும்: திங்கள், வியாழன் தண்டாலும் பை இழுப்பும் நாற்காலிப் பஸ்கியும், செவ்வாய், வெள்ளி வாசல்படிப் பயிற்சி பத்து நிமிடத்தில் தொடங்கி வாரம் இரண்டு நிமிடம் கூட்டி, அதோடு வீடியோவின் குதிக்காத பகுதிகள், சனிக்கிழமை வெயில் ஏறிய பிறகு, ஆள் நடமாட்டம் உள்ள சாலையில் 40 நிமிட நடை. சுவர்ச் சாய்வும் இடுப்புப் பயிற்சியும் திங்கள், வியாழன் கடைசியில். மூன்றாவது வார முடிவில் பத்துப் படி வலியில்லாமல் இறங்க முடிந்தால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருபது சின்னக் குதிப்பு சேருங்கள். மறுநாள் காலையில் முழங்கால் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரம் முப்பது.